படம் வைக்க இடமில்லாத பெட்டி

பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்றை விலை கொடுத்து வாங்கி, அதில் விளையாடிப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்கு எப்போதாவது தோன்றியது உண்டா? கைப்பேசியிலேயே வேண்டிய மட்டும் விளையாட்டுகள் இருக்கும்போது இது என்ன வேண்டாத வேலை என்பீர்கள். என் வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். ஆனால் ஒரு கணக்கைக் கேளுங்கள். நான் வாங்கிய பெட்டியில், எழுதி அழிக்கக்கூடிய நினைவகம் மொத்தமே 128 பைட்டுகள்தான். ஒரு பைட்டில் ஓர் ஆங்கில எழுத்தை வைக்கலாம். அஞ்சலட்டையில் மூன்று நான்கு வரி எழுதினால் நினைவகம் தீர்ந்துவிடும்! இத்தனை சிறிய இடத்தை வைத்துக்கொண்டு அந்தப் பெட்டி திரை முழுவதும் வண்ணப் படம் காட்டுகிறது. படத்தில் உள்ளவை ஓடுகின்றன, குதிக்கின்றன, சுடுகின்றன. அப்படியானால் படத்தை அது எங்கே வைத்திருக்கிறது?

பெட்டியின் பெயர் அடாரி 2600. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் இருந்த அடாரி நிறுவனம் 1977ஆம் ஆண்டு செப்டம்பரில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்போது இதன் பெயர் வீடியோ கம்ப்யூட்டர் சிஸ்டம். 2600 என்ற பெயர் 1982இல்தான் வந்தது. விலை சுமார் 199 டாலர். 1992ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விற்பனை நிறுத்தப்படும் வரை ஏறத்தாழ 3 கோடிப் பெட்டிகள் விற்றன. ஆகவே பழைய பொருள்களைச் சேர்ப்பவர்களிடம் இன்றும் இது எளிதாகக் கிடைக்கிறது. என்னுடையது அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வந்த உறவினர் ஒருவரின் பெட்டிக்குள் துணிமணிகளோடு வந்து சேர்ந்தது. முன்பக்கம் மரம்போல் தோற்றமளிக்கும் தகடு, மேலே ஆறு சுவிட்சுகள், நடுவில் கார்ட்ரிட்ஜைச் செருகும் வாய், கையால் திருப்பும் இரண்டு ஜாய்ஸ்டிக்குகள். ஜாய்ஸ்டிக்கில் ஒரு குச்சியும் ஒரு சிவப்புப் பொத்தானும் உண்டு, வேறொன்றும் கிடையாது.

வந்தவுடன் சுவரில் செருகி விளையாட ஆரம்பித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். முதலில் அடாப்டரின் முதுகில் எழுதியிருப்பதைப் படியுங்கள். அமெரிக்க வீடுகளில் மின் அழுத்தம் 120 வோல்ட்; நம் வீடுகளில் 230 வோல்ட். அந்த ஊர் அடாப்டரை நம் சுவரில் செருகினால், உள்ளே உள்ள மின்மாற்றி சூடேறிக் கருகிவிடும். பெட்டிக்கு வேண்டியது 9 வோல்ட் நேர்மின்னோட்டம். உள்ளே ஒரு சீராக்கி அதை 5 வோல்ட்டாகக் குறைத்துச் சில்லுகளுக்குக் கொடுக்கிறது. ஆகையால் 9 வோல்ட் தரும் நம் ஊர் அடாப்டர் போதும். ஆனால் அதன் முனை, காதில் மாட்டும் ஹெட்ஃபோனின் முனைபோல 3.5 மில்லிமீட்டர் குச்சியாக இருக்க வேண்டும், நுனி நேர்மின்முனையாக இருக்க வேண்டும். இதை மின்வேலை தெரிந்த பெரியவர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கார்ட்ரிட்ஜின் உலோக முனைகள் அழுக்கேறியிருந்தால் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்கலாம். பலரும் செய்வதுபோல வாயால் ஊதாதீர்கள். ஊதும் மூச்சில் உள்ள ஈரம் உலோகத்தில் படியும்.

அடாப்டர் விஷயத்தில் தப்பித்த நான் தொலைக்காட்சியில் மாட்டிக்கொண்டேன். பரணில் கிடந்த பழைய குழாய்த் தொலைக்காட்சியை இறக்கி, ஆன்டெனா செருகும் இடத்தில் பெட்டியின் கம்பியைச் செருகி, மெல்ல அலைவரிசையைத் திருப்பினேன். படம் வந்தது. ஆனால் அது கிணற்று ராட்டினம்போல் மேலிருந்து கீழாக உருண்டுகொண்டே இருந்தது. வண்ணமும் இல்லை, ஒலியும் இல்லை. பெட்டி கெட்டுப்போனது என்று நினைத்து ஒரு நாள் முழுதும் வருந்தினேன். பெட்டியில் கோளாறு ஒன்றுமில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சி முறையில் ஒரு விநாடிக்கு 60 முறை திரை மேலிருந்து கீழாக வரையப்படும். நம் நாட்டு முறையில் 50 முறை. வண்ணத்தைக் குறித்து அனுப்பும் விதமும் இரண்டிலும் வேறு. ஒலி, படத்தின் அலைவரிசையிலிருந்து அங்கே 4.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வரும், இங்கே 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வரும். என் தொலைக்காட்சி ஒலியைத் தேடிய இடத்தில் ஒலி இல்லை, அவ்வளவுதான். பின்புறம் படத்தை நிறுத்தும் குமிழ் ஒன்று இருந்தது. அதைச் சற்றே திருப்பியதும் உருள்வது நின்றது. அன்று கறுப்பு வெள்ளையில் ஊமைப்படமாக விளையாடினேன். பிறகு தொலைக்காட்சி பழுதுபார்க்கும் நண்பர் ஒருவர், பல நாட்டு முறைகளையும் ஏற்கும் பழைய பெட்டி ஒன்றைத் தேடிக் கொடுத்தார். வண்ணமும் ஒலியும் வந்தன. நீங்கள் வாங்குவதானால் எந்த நாட்டு முறைக்கான பெட்டி என்று முதலில் கேட்டுவிட்டு வாங்குங்கள். இன்னொன்று: குழாய்த் தொலைக்காட்சியின் பின்மூடியை ஒருபோதும் கழற்றாதீர்கள். இணைப்பைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிரைப் பறிக்கும் அளவு மின்னழுத்தம் தங்கியிருக்கலாம்.

இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு? நம் கேள்விக்கு விடை அந்தக் குழாய்க்குள்தான் இருக்கிறது.

ஒரே ஒரு கற்றை

குழாய்த் தொலைக்காட்சியின் திரைக்கு உட்புறம் எலெக்ட்ரான்கள் பட்டால் ஒளிரும் பொருள் பூசப்பட்டிருக்கும். பின்னாலிருந்து பாய்ந்து வரும் எலெக்ட்ரான் கற்றை அதன்மீது இடமிருந்து வலமாக ஒரு கோடு இழுக்கும். பிறகு அணைந்து, இடப்பக்கம் திரும்பி, சற்றுக் கீழே அடுத்த கோட்டை இழுக்கும். (வண்ணத் தொலைக்காட்சியில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று கற்றைகள் சேர்ந்தே செல்லும், நாம் ஒன்றாகவே கொள்வோம்.) கடைசிக் கோடு முடிந்ததும் மறுபடி மேலே போகும். எந்தக் கணத்திலும் திரையில் ஒரு புள்ளிதான் வரையப்படுகிறது! பூச்சு சற்று நேரம் ஒளிர்வதாலும், நம் கண் கண்டதைச் சிறிது நேரம் பிடித்து வைத்துக்கொள்வதாலும் முழுப் படம் தெரிகிறது.

இப்போது அடாரிப் பெட்டிக்கு வருவோம். அதன் படத்தில் குறுக்கே 160 புள்ளிகள், மேலிருந்து கீழாக 192 வரிகள். பெருக்கிப் பாருங்கள்: 30,720 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் கறுப்பா வெள்ளையா என்று குறித்து வைக்க மட்டும் ஒரு பிட் வேண்டும். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட் அல்லவா? எனவே 3,840 பைட்டுகள் தேவை. இருப்பதோ 128. தேவையில் 30இல் ஒரு பங்கு! அந்த 128 பைட்டுகளிலும் படத்திற்கு இடம் ஒதுக்க முடியாது. ஆட்டக்காரரின் மதிப்பெண், அவர் நிற்கும் இடம், எதிரிகள் நிற்கும் இடம் எல்லாவற்றையும் அதற்குள்தான் எழுதியாக வேண்டும்.

அப்படியானால் படம் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை என்பதே விடை.

தறியில் துணி நெய்வதைப் பார்த்திருப்பீர்கள். நாடா இடமும் வலமுமாக ஓடி ஓர் இழையை இட்டுப் போகிறது. அடுத்த இழைக்குள் நெசவாளர் எந்த நிறம், எந்தப் பாவு மேலே என்று மாற்றிவிடுகிறார். சேலையின் படம் தறிக்குள் எங்கும் இல்லை. இழை இழையாகத்தான் அது உண்டாகிறது. அடாரியும் அப்படியே. உள்ளே உள்ள படச் சில்லுக்கு ஒரு வரியில் காட்ட வேண்டியதை மட்டுமே நினைவில் வைக்கத் தெரியும். கற்றை ஒரு வரியைக் கடந்து அடுத்த வரிக்குப் போவதற்குள், நுண்செயலி ஓடோடி வந்து சில்லில் உள்ள விவரங்களை மாற்றி எழுத வேண்டும். இப்படி 192 முறை. பிறகு மறுபடி மேலிருந்து. விநாடிக்கு 60 தடவை!

எவ்வளவு அவகாசம்? ஒரு வரிக்கு ஏறத்தாழ 64 மைக்ரோவிநாடி. அதாவது ஒரு விநாடியைப் பத்து இலட்சம் பங்காக்கினால் அதில் 64 பங்கு. இந்தப் பெட்டியின் நுண்செயலிக்கு 6507 என்று பெயர். 1975இல் 25 டாலருக்கு விற்று எல்லோரையும் வியக்க வைத்த 6502 என்ற நுண்செயலியின் சிறிய தம்பி அது. அதன் கடிகாரம் விநாடிக்கு சுமார் 11 இலட்சத்து 90 ஆயிரம் முறை துடிக்கும். ஒரு வரிக்குக் கிடைப்பவை 76 துடிப்புகள். மிகச் சிறிய கட்டளையை நிறைவேற்றவே 2 துடிப்புகள் ஆகும். ஆகவே வரிக்கு 38 கட்டளைகளுக்கு மேல் முடியவே முடியாது; நடைமுறையில் அதைவிடக் குறைவு. நுண்செயலி ஒருமுறை துடிப்பதற்குள் கற்றை 3 புள்ளிகள் கடந்துவிடும். கட்டளை ஒன்று தாமதமானால் வரைய வேண்டியது இடம் தவறிப் போகும்.

விளையாட்டைப் பற்றி யோசிக்க நேரம்? கற்றை அணைந்திருக்கும் வேளைதான். ஒரு படத்திற்கு மொத்தம் 262 வரி நேரம். அதில் 192 போக மீதி 70 வரி நேரம் திரையில் எதுவும் வரையப்படுவதில்லை. ஜாய்ஸ்டிக் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, குண்டு யார்மீது பட்டது, மதிப்பெண் எவ்வளவு என்ற கணக்குகள் எல்லாம் அந்த இடைவேளையில் முடிந்தாக வேண்டும். பரீட்சை மணி அடிப்பதற்குள் விடைத்தாளைக் கட்டிக்கொடுப்பதுபோல, விநாடிக்கு 60 தடவை!

இத்தனை சிரமம் ஏன், நினைவகத்தைக் கூட்டியிருக்கலாமே என்று கேட்கலாம். அந்நாளில் நினைவகச் சில்லுகள் விலை அதிகம். வீட்டில் வாங்கும் விலைக்குப் பெட்டி வர வேண்டுமானால் எதையாவது விட்டாக வேண்டும். படத்துக்கான நினைவகத்தையே விட்டுவிட்டார்கள்.

ஐந்து பொருளும் ஒரு சுவரும்

படச் சில்லுக்கு ஒரு வரியில் ஐந்து பொருள்களைக் காட்டத் தெரியும்: 8 புள்ளி அகலமுள்ள ஆட்டக்காரர் உருவம் இரண்டு, குண்டு இரண்டு, பந்து ஒன்று. இவற்றுக்குப் பின்னால் சுவர் போன்ற ஒரு பின்னணி. பின்னணியிலும் சிக்கனம், திரையின் இடப் பாதிக்கு 20 கட்டங்கள்தான் குறிக்கலாம். வலப் பாதியில் அதுவே மறுபடி வரும், அல்லது கண்ணாடியில் பார்த்ததுபோல் திருப்பி வரும். பெட்டியோடு கொடுக்கப்பட்ட காம்பட் என்ற விளையாட்டைப் போட்டவுடன் இந்த ஏற்பாட்டின் பொருள் விளங்கிவிடும். இரண்டு டாங்கிகள், இரண்டு குண்டுகள், இருபுறமும் ஒன்றுபோல் உள்ள சுவர்கள். அத்தகைய ஆட்டங்களுக்கென்றே செய்த சில்லு அது.

பிறகு வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ஜப்பானில் டைட்டோ நிறுவனம் 1978இல் வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டில் 55 விண்வெளிப் பகைவர்கள் அணிவகுத்து வருவார்கள். இரண்டு உருவம் மட்டும் உள்ள பெட்டியில் படையை எப்படிக் காட்டுவது? ஓர் உருவத்தை ஒரே வரியில் மூன்று பிரதிகளாகக் காட்டும் வசதி சில்லில் இருந்தது. இரண்டு உருவம், மும்மூன்று பிரதி: ஆறு பேர். அடாரிக்காக 1980இல் வெளிவந்த விளையாட்டில் வரிசைக்குச் சரியாக ஆறு பேர்தான்! அந்த வரிசை முடிந்து அடுத்த வரிசை தொடங்குவதற்குள் அதே இரண்டு உருவங்களுக்கு வேறு முகம் கொடுத்துவிடுகிறார்கள். ஆறு வரிசை, 36 பேர். தெரிந்துகொண்டு பார்த்தால் படை முழுவதும் இரண்டே நடிகர்கள் என்பது புரியும்.

1982இல் வந்த பேக்-மேன் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அதில் நான்கு பேய்கள் துரத்துகின்றன. நான்கும் எங்கே வேண்டுமானாலும், ஒரே வரிசையிலும்கூட, வரலாம். எனவே முதல் படத்தில் ஒரு பேய், அடுத்ததில் இரண்டாவது என்று முறை வைத்துக் காட்டினார்கள். ஒவ்வொரு பேயும் விநாடிக்கு 15 தடவை மட்டும் தோன்றுகிறது. அதனால் மினுக்மினுக் என்று துடிக்கிறது. பேய்தானே, துடிக்கட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் இன்று ஒரு புதுத் தொல்லை உண்டு. தட்டையான புதிய தொலைக்காட்சியில் இணைக்கச் சிலர் மாற்றிக் கருவி வாங்குகிறார்கள். விநாடிக்கு 60 படங்களையும் எடுக்காமல், ஒன்றுவிட்டு ஒன்றாக 30 மட்டும் எடுக்கும் கருவியாக அது இருந்தால் என்ன ஆகும்? 1, 3, 1, 3 என்று இரண்டு பேய்கள்தான் திரைக்கு வரும். மற்ற இரண்டும் கண்ணுக்குத் தெரியாமலே வந்து உங்களைப் பிடித்துவிடும்! பழைய குழாயும் பழைய பெட்டியும் சேர்ந்துதான் ஓர் இயந்திரம். பாதியை மாற்றினால் விளையாட்டே மாறிவிடுகிறது.

255 காடுகள், ஒரே பைட்

என்னிடமுள்ளவற்றில் முதலிடம் பிட்ஃபால் விளையாட்டுக்கே. அடாரியிலிருந்து வெளியேறிய சிலர் 1979இல் ஆக்டிவிஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களுள் ஒருவரான டேவிட் கிரேன் 1982இல் இதை உருவாக்கினார். காட்டுக்குள் ஓடும் ஒருவன் உருளும் கட்டைகளையும் தேளையும் முதலைக் குளங்களையும் தாண்டி 20 நிமிடத்தில் 32 புதையல்களை எடுக்க வேண்டும். ஒரு திரையைக் கடந்தால் அடுத்தது. மொத்தம் 255 வெவ்வேறு திரைகள். ஆனால் கார்ட்ரிட்ஜில் இருப்பதோ மொத்தம் 4,096 பைட்டுகள். கட்டளைகள், உருவங்கள், ஒலி எல்லாம் அதற்குள். 255 காடுகளின் வரைபடத்துக்கு அங்கே இடம் ஏது?

கிரேன் வரைபடத்தை வைக்கவே இல்லை. திரைக்கு ஓர் எண், அது ஒரே பைட், அதாவது 8 இலக்கங்கள். அவற்றுள் 2 இலக்கங்கள் மரங்கள் எப்படி நிற்க வேண்டும் என்பதையும், 3 இலக்கங்கள் குழியா குளமா என்பதையும், எஞ்சிய 3 இலக்கங்கள் வழியில் கிடக்கும் பொருளையும் சொல்லிவிடும். அடுத்த திரைக்குப் போகும்போது இந்த எண்ணிலிருந்தே அடுத்த எண் பிறக்கும். எப்படி என்பதை நீங்களே தாளில் செய்து பார்க்கலாம். 8 இலக்கம் நீளம். நாம் 4 இலக்கத்தில் செய்வோம்.

0001 என்று எழுதுங்கள். இடப்புறம் உள்ள முதல் இரண்டு இலக்கங்களைப் பாருங்கள். ஒன்றுபோல் இருந்தால் 0, வேறுபட்டால் 1 என்று மனத்தில் வையுங்கள். இப்போது இடக்கோடியில் உள்ள இலக்கத்தை அடித்துவிட்டு, மனத்தில் வைத்ததை வலக்கோடியில் சேருங்கள். 0001இல் முதல் இரண்டும் 0. எனவே அடுத்தது 0010. அதற்கடுத்தது 0100. இப்போது முதல் இரண்டும் 0, 1, வேறுபடுகின்றன. எனவே அடுத்தது 1001. இப்படியே தொடர்ந்தால் 0011, 0110, 1101, 1010, 0101, 1011, 0111, 1111, 1110, 1100, 1000 என்று வந்து, மறுபடி 0001இல் முடியும். எண்ணிப் பாருங்கள்: 15 எண்கள், ஒன்றுகூட இரண்டாம் முறை வரவில்லை. நான்கு இலக்கத்தில் எழுதக்கூடியவை 16; அவற்றுள் 0000 மட்டும் வராது. அது வந்தால் என்ன ஆகும் என்று விதியைப் போட்டுப் பார்த்தால் ஏன் என்பது தெரியும். எட்டு இலக்கத்தில் எழுதக்கூடியவை 256; 0 மட்டுமே உள்ள ஒன்றைக் கழித்தால் 255. காடுகளின் கணக்கு சரியாகிவிட்டதல்லவா? கிரேனின் விதியில் இரண்டு இலக்கத்துக்குப் பதில் நான்கு இலக்கங்களை ஒப்பிடுகிறார்கள், அவ்வளவுதான் வேறுபாடு.

காட்டுக்கு அடியில் ஒரு சுரங்கப் பாதையும் உண்டு. அதில் ஒரு திரை ஓடினால் மேலே மூன்று திரை கடந்ததாகும். அங்கே விதியை ஒரு முறைக்குப் பதில் மூன்று முறை போடுகிறார்கள்.

ஆட்டத்தில் தேர்ந்தவர்கள் வலப்பக்கம் ஓடாமல் இடப்பக்கம் ஓடுவார்கள். கட்டைகள் எல்லாம் இடப்பக்கமே உருள்வதால், அவற்றோடு சேர்ந்து ஓடினால் மோதல் குறைவு. ஆனால் இடப்பக்கம் போனால் முந்தைய எண் வேண்டும். 1001இலிருந்து 0100க்குத் திரும்ப வேண்டும். அதற்கும் ஒரு விதி இருக்கிறது. வலக்கோடி இலக்கத்தை அடித்துவிட்டு இடக்கோடியில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். எதைச் சேர்ப்பது? மேலே உள்ள 15 எண்களையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றிலும் முதல் இலக்கத்தையும் கடைசி இலக்கத்தையும் மட்டும் உற்றுப் பாருங்கள்.